பிளேக்கி உட்கார்ந்தால் நான் சந்தோஷப்பட வேண்டும்

மோப்ப நாயோடு வேலை செய்கிறவனுக்குக் கடமைகள் இரண்டுதான்: நாய் உட்கார்ந்ததும் கையைத் தூக்க வேண்டும், அப்புறம் சந்தோஷப்பட வேண்டும்.

முதல் கடமை சுலபம். இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே புலம்பப் போகிறேன். சம்பளத்துக்காகச் சிரிக்கிற எல்லாரையும் நான் சொந்தக்காரர்களாகவே நினைக்கிறேன். வங்கி கவுண்டரில் காலையிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், ஹோட்டல் வாசலில் கும்பிடு போடுகிறவர்கள், அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் மைக் பிடித்துக் கலகலப்பாகப் பேசுகிறவர்கள், உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் புரியும். ஆனால் நீங்கள் மனிதர்கள் முன்னால் நடித்தால் போதும். நான் ஒரு நாயின் முன்னால் நடிக்க வேண்டும். அது கண்டுபிடித்துவிடும்.

என் பெயர் சந்திரன். பினாங்கு விமான நிலையத்தில், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டி எடுக்கிற கூடத்தில், போதைப் பொருளை மோப்பம் பிடிக்கிற நாயை நடத்திக்கொண்டு போவது என் வேலை. நாயின் பெயர் பிளேக்கி. கோப்பில் ஏதோ சீமைப் பெயர் இருக்கிறது. கறுப்பு லாப்ரடார் என்பதால் வந்த அன்றே பிளேக்கி ஆகிவிட்டாள். இந்த ஊரில் கறுப்பு நாய்க்கு வேறு பெயர் வைத்தாலும் யாரும் அதைக் கூப்பிட மாட்டார்கள்.

துண்டு

கொக்கேய்ன் கடத்தல் என்றதும் உங்களுக்குத் தென்னமெரிக்கக் காடு, வேகப் படகு, கழுத்து நிறையச் சங்கிலி போட்ட தலைவன் என்றெல்லாம் தோன்றும். பிளேக்கிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அவளைப் பொறுத்தவரை கொக்கேய்ன் என்று ஒரு பொருளே உலகத்தில் கிடையாது. குட்டியாக இருந்தபோது அந்த வாசனையையும் ஒரு துண்டையும் சேர்த்தே வைத்துப் பழக்கிவிட்டார்கள். வாசனை வந்தால் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் துண்டு கிடைக்கும். கடித்து இழுத்து விளையாடலாம். ஆகவே அவள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். தன் துண்டை யாரோ களவாடி, பெட்டியில் ஒளித்துக்கொண்டு, ஊர் ஊராகத் திரிகிறார்கள் என்று.

துண்டு என்றால் விசேஷமான துண்டு இல்லை. சிவப்பு எழுத்தில் குட் மார்னிங் என்று போட்ட வெள்ளைத் துண்டு, நம் ஊர்க் கோப்பிக் கடைக்காரர்கள் தோளில் போட்டிருப்பார்களே, அதுதான். அதைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பேன். ஒருமுறை பிளேக்கி ரப்பர் பேண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டாள். அன்றிலிருந்து ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் இருக்கும் சாந்தா அக்காதான் துண்டைச் சுருட்டித் தடித்த நூலில் தைத்துத் தருகிறார். சாந்தா அக்கா ரவிக்கை தைப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப் போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. துண்டு தைத்ததற்குக் கூலி வாங்க மாட்டார். நாய்க்குத் தைத்துக் கொடுத்துக் காசு வாங்கினால் ஊர் சிரிக்கும் என்பார்.

துண்டை மட்டும் வீசினால் போதாது. கூடவே கொஞ்ச வேண்டும். அதுவும் சாதாரணக் குரலில் இல்லை. கீச்சுக் குரலில், தொண்டை நரம்பு தெரிய, "என் தங்கமே! என் செல்லமே! என் கெட்டிக்காரியே!" என்று குதிக்க வேண்டும். எங்கள் இலாகாவில் குடும்பத்தாரை அழைத்து வேலையைக் காட்டுகிற நாள் ஒன்று வைத்தார்கள். என் மனைவி விமலாவும் சாந்தா அக்காவும் வந்திருந்தார்கள். நான் குதித்துக் கொஞ்சியதைப் பார்த்துச் சாந்தா அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிளேக்கியின் தலையைத் தடவிக் கொடுத்தார். விமலா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் காரில் நிதானமாகக் கேட்டாள்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்கிட்ட ஒருநாளாச்சும் இந்தக் குரல்ல பேசியிருக்கீங்களா?"

ஜமால் பாயின் மரியாதை

பெட்டியைத் திறந்து பார்ப்பது என் வேலை இல்லை. அது ஜமால் பாயின் வேலை. பிளேக்கி உட்காருவாள், நான் கையைத் தூக்குவேன், ஜமால் பாய் வந்து பெட்டியைத் திறப்பார். சரக்கு இருந்தால் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகுதான் துண்டும் கீச்சுக் குரலும். அவர் தலையாட்டாவிட்டால் நான் வாயே திறக்காமல் பிளேக்கியை இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

ஜமால் பாய் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்து ஆள். குடும்பம் முழுக்க நாசி கண்டார் சோற்றுக்கடைத் தொழில். அவர் உடுப்பில் எப்போதும் மீன் தலைக் கறி வாசம் மெலிதாக வரும். பிளேக்கிக்கு அவரைக் கண்டால் உயிர். ஆனால் வேலைக்கு நடுவில் தொழுகை இருக்கிறதே. நாய் எச்சில் பட்டுவிட்டால் மண் கலந்த தண்ணீரில் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். விமான நிலையத்தில் மண்ணுக்கு எங்கே போவது? அதனால் பாய் எப்போதும் எட்டி நின்றே பேசுவார். எட்டி நின்றபடியே அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, காதில் புண் ஆறிவிட்டதா என்று தினமும் விசாரிப்பார். என்னை விசாரித்ததாக நினைவில்லை. புதிதாக வந்த ஒருவர், பாய்க்கு நாயென்றால் வெறுப்பா என்று கேட்டுவிட்டார். பாய் கோபப்படவில்லை. "எங்க மாமியாரக்கூடத்தான் நான் ஒருநாளும் தொட்டதில்ல. அதுக்காக மரியாதை இல்லேன்னு ஆயிடுமா?" என்றார்.

கேட்காமலே வாக்குமூலம்

சென்னை விமானம் வந்து இறங்கினால் கூடம் முழுக்க வெள்ளைப் பொடிதான். இடியப்ப மாவு, சத்து மாவு, கோலப் பொடி, திருநீறு. பிளேக்கி எதையும் சட்டை செய்ய மாட்டாள். அவள் துண்டு அதில் இல்லை. ஆனால் பயணிகளுக்கு அது தெரியாதே. அவள் பக்கத்தில் வந்தாலே முகம் வெளுத்துவிடும்.

பட்டர்வொர்த் பாகான் டாலாமிலிருந்து ஒரு பெரியம்மா, குடும்பத்தோடு கோயில் சுற்றிவிட்டு வந்திருந்தார். பிளேக்கி அவர் பெட்டியை முகர்ந்துவிட்டு, ஒரு கணம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். பையில் கருவாடு இருப்பதைப் பெரியம்மா ஒப்புக்கொண்டார். வெள்ளி விளக்கு இருப்பதை ஒப்புக்கொண்டார். தங்கியிருந்த விடுதியின் தலையணை உறையை ஒப்புக்கொண்டார். கடைசியாக, நாத்தனாரின் காணாமல் போன பட்டுப் புடவையும் தன் பெட்டியில்தான் இருக்கிறது என்றார். நாத்தனார் பக்கத்திலேயே நின்றிருந்தார். நாங்கள் போதைப் பொருள் மட்டும்தான் தேடுகிறோம் என்று ஜமால் பாய் எடுத்துச் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. பெரியம்மா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என்னத்தப் பண்றது தம்பி, அது பாக்குற பார்வைக்கு இன்னும் கொஞ்சம் நின்னா, கல்யாணத்துக்கு முந்துன கதையெல்லாம் சொல்லியிருப்பேன்."

கௌரவப் பிரச்சினை

இதற்கு நேர்மாறாகவும் ஆள் உண்டு. பாங்காக்கிலிருந்து திரும்பிய ஒரு கட்டடக் குத்தகைக்காரர், கறுப்புக் கண்ணாடி, விரல் நிறைய மோதிரம், பளபளக்கும் தோல் பெட்டி. அவருக்கு முன்னால் நின்றவர் பெட்டியையும் பின்னால் நின்றவர் பெட்டியையும் பிளேக்கி பொறுமையாக முகர்ந்தாள். இவர் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டாள். காற்றிலேயே ஒன்றும் இல்லை என்று தெரிந்திருக்கும். மனிதர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். சுற்றிலும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: "ஏன்லா தம்பி, என்னப் பாத்தா அவ்ளோ சாதாரண ஆளாவா தெரியுது?"

நல்ல மனிதர்

பிளேக்கியும் நானும் முதன்முதலில் பிடித்த பெரிய சரக்கு ஒரு சுவர்க் கடிகாரத்துக்குள் இருந்தது. கொண்டுவந்தவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்த, அமைதியான மனிதர். பள்ளிக்கூட வாத்தியார் என்று சொன்னால் நம்பியிருப்பேன். பிளேக்கி உட்கார்ந்ததும் அவர் பதறவில்லை. ஜமால் பாய் பெட்டியைத் திறந்தபோது, பூட்டு புதுசு, பார்த்துத் திறங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். கடிகாரம் அவ்வளவு கனமாக இருப்பானேன் என்று கேட்டதற்கு, நல்ல நேரம் காட்டும் என்றார். பாய் தலையாட்டினார். நான் துண்டை வீசிக் குதித்தேன். அந்த மனிதரும் என்னோடு சேர்ந்து நாய்க்குக் கைதட்டினார்.

எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. உலகக் கடத்தல் கும்பலையே பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம் லிம் என்னை உட்கார வைத்து விளக்கினார். சரக்கைச் செய்கிறவன் கடலுக்கு அந்தப் பக்கம். அதைப் பெட்டிக்குள் வைக்கிறவன் வேறொரு ஊரில். டிக்கெட் எடுத்துக் கொடுப்பவன் இன்னொரு நாட்டில். இங்கே ஏதோ ஒரு ஹோட்டல் அறையில் ஒருவன் காத்திருப்பான். ஒருவன் முகம் இன்னொருவனுக்குத் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கு யார் முகமும் தெரியாது. அப்படியானால் பெரிய ஆளை எப்போது பிடிப்போம் என்று கேட்டேன். மேடம் லிம் பிளேக்கியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "பெரிய ஆளுங்க பெட்டி தூக்க மாட்டாங்க லா, சந்திரன். நாய்க்குக் கிடைக்கிறதெல்லாம் தூக்கறவங்கதான்."

பல்வலி

ஒரு சமயம் கடைவாய்ப் பல் வலியில் என் கன்னம் வீங்கிவிட்டது. லீவு கிடைக்கவில்லை. அன்று பார்த்துப் பிளேக்கி ஒரு பையின் அருகில் உட்கார்ந்தாள். பாய் தலையாட்டினார். நான் துண்டை வீசினேன். கொஞ்சுவதற்கு வாயைத் திறந்தால் உயிர் போகிறது. "ம்ம், கெட்டிக்காரி" என்று முனகினேன். பிளேக்கி துண்டைக் கவ்வவில்லை. என் முகத்தையே பார்த்தாள். ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. வாலைத் தாழ்த்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்கப் பயிற்சியில் ஒளித்து வைத்த பொட்டலங்களைத் தாண்டித் தாண்டிப் போனாள். முகருவாள், என்னைத் திரும்பிப் பார்ப்பாள், உட்கார மாட்டாள். நான் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, தரையில் புரண்டு கொஞ்சி, அவளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் பிளேக்கிக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள் என்று மேடம் லிம் எச்சரித்தார். இனிமேல் எப்படியாவது நன்றாக நடித்துவிடுகிறேன் மேடம் என்றேன். அதற்கும் திட்டு விழுந்தது. "நடிக்காத. நாய்கிட்ட பொய் செல்லாது. அது உட்காந்தா நீ மனசாரச் சந்தோஷப்படணும், அவ்ளோதான்."

சாந்தா அக்கா வந்த விமானம்

கொஞ்ச காலமாகவே சாந்தா அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அது மினுக்கும்போதெல்லாம் சிரித்துக்கொள்வார். விமலா என்னிடம் சொல்லி ஆச்சரியப்பட்டாள். பிறகு ஒருநாள் காசிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அடுக்குமாடியே சேர்ந்து வழியனுப்பியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தனக்கென்று ஒரு காரியம் செய்கிறார் என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

அவர் திரும்பியது வளைகுடாவில் விமானம் மாறி வந்த கூட்டத்தோடு. காசியிலிருந்து வருகிற வழி இது இல்லையே என்று எனக்குத் தோன்றியது. டிக்கெட் மலிவாகக் கிடைத்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புதுப் புடவை கட்டி, முகம் கழுவிப் பொட்டு வைத்து, நீண்ட பயணம் வந்தவர் போலவே இல்லை. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே எங்களைப் பார்த்துவிட்டார். கையை ஆட்டி, "ஏ பிளேக்கி! இங்க வா, அக்காவப் பாரு!" என்று உரக்கக் கூப்பிட்டார். பிளேக்கி என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவர் கையை முகர்ந்தாள், வாலை ஆட்டினாள். பிறகு அவர் பக்கத்தில் இருந்த பெரிய நீலப் பெட்டியை முகர்ந்தாள். உட்கார்ந்தாள்.

"பாத்தியா தம்பி, அக்காவப் பாத்ததும் என்னா மரியாதையா உக்காருது!" என்றார் சாந்தா அக்கா.

கையைத் தூக்குவது சுலபமான கடமை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனாலும் தூக்கினேன். ஜமால் பாய்க்கும் அக்காவைத் தெரியும். பாயின் உடுப்பை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தது அக்காதான். பாய் பெட்டியைத் திறந்தார். துணிகளுக்கு மேலே, நன்றாக மடித்து, தடித்த வெள்ளைத் துண்டு ஒன்று இருந்தது. "அது பிளேக்கிக்குத்தான் வாங்குனேன். நம்ம ஊர்த் துண்டவிட கெட்டி" என்றார் அக்கா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "துண்டுக்குத்தான் பாய் உக்காந்திருக்கு, துண்டுக்குத்தான்" என்று சத்தமாகவே சொன்னேன். பாயும் அப்படித்தான் நம்ப விரும்பினார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. துண்டை எடுத்து ஓரமாக வைத்தார். துணிகளை எடுத்து வைத்தார். காலிப் பெட்டியின் அடியை உள்ளங்கையால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அடித்துணியைக் கீறினார். அதற்குப் பிறகு அவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. கடைசியில், என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிளேக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு தவறும் செய்யவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, எனக்காகக் காத்திருந்தாள். நான் துண்டை எடுத்தேன். சாந்தா அக்கா கையால் தைத்த துண்டு. அதை வீசி, கூடமே திரும்பிப் பார்க்க, கீச்சுக் குரலில், "என் தங்கமே! என் செல்லமே! என் கெட்டிக்காரியே!" என்று குதித்தேன். பிளேக்கி துண்டைக் கவ்விக்கொண்டு துள்ளினாள். அப்படியானால் நான் மனசாரத்தான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இதுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

சாந்தா அக்காவும் எங்கள் விளையாட்டைப் பார்த்துச் சிரித்தார். பெட்டிக்கு வரி கட்ட வேண்டுமா என்று கேட்டார். இரண்டு அதிகாரிகள் வந்து இருபுறமும் நின்றபோதுதான் சிரிப்பு நின்றது. ஏன் என்று அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. என் பக்கம் குனிந்து, கூச்சத்தோடு, என்னிடம் ஓர் உதவி கேட்டார்: "வெளிய ஒருத்தர் பூவோட நிப்பாரு தம்பி. கொஞ்சம் லேட்டாவும், போயிடாதீங்கன்னு சொல்லிடு."

சாட்சி

வெளியே போய்ப் பார்த்தேன். பெயர்ப் பலகைகளோடு டாக்சிக்காரர்கள் நின்றார்கள். பேரப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் நின்றன. பூவோடு யாரும் இல்லை.

விவரம் பிறகுதான் தெரிந்தது. கைப்பேசியில் பழக்கமான ஆள், கப்பல் இன்ஜினியர் என்று சொல்லியிருக்கிறான். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறான். டிக்கெட் அனுப்பி அக்காவைப் பிரேசில் வரைக்கும் வரவழைத்து, தான் வராமல் நண்பன் என்று ஒருவனை அனுப்பி, கல்யாணச் சாமான் என்று அந்த நீலப் பெட்டியைக் கொடுக்க வைத்திருக்கிறான். பினாங்கில் சந்திக்கலாம் என்று செய்தி. இந்த வயதில் கல்யாணம் என்றால் ஊர் என்ன சொல்லுமோ என்று கூசி, அக்கா காசி என்று சொல்லிவிட்டார். இந்த நாட்டில் அந்தக் குற்றத்துக்குத் தூக்கு வரைக்கும் கொடுக்கலாம். ஜாமீன் கிடையாது. சாந்தா அக்கா சிறையில் இருந்தபடியே வழக்கை எதிர்பார்த்தார். கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. விமலா என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நான் ஏதாவது ஆரம்பித்தால், நாயிடம் போய்ச் சொல்லுங்கள் என்பாள். துண்டுகளுக்கு நானே மறுபடி ரப்பர் பேண்டு போட ஆரம்பித்தேன்.

ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்தில் நான் அரசுத் தரப்புச் சாட்சி. நாய் உட்கார்ந்ததா, உட்கார்ந்தது. கையைத் தூக்கினீரா, தூக்கினேன். அரசு வழக்கறிஞருக்கு அவ்வளவே போதும். பிறகு சாந்தா அக்காவின் வழக்கறிஞர் எழுந்தார். இளம் வயதுப் பெண். இந்த நாய் என்ன வேலை செய்கிறது என்று என் கட்சிக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டார். நன்றாகத் தெரியும், அதற்குத் துண்டு தைத்துக் கொடுப்பதே அவர்தான், நாய் வேலை செய்வதை நேரில் வந்து பார்த்திருக்கிறார் என்றேன். அன்று நாயை அவர் பக்கம் கொண்டுபோனது நீங்களா என்றார். இல்லை, அவர்தான் கூப்பிட்டார் என்றேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். யார் கூப்பிட்டது, திரும்பச் சொல்லுங்கள் என்றார். "அவங்கதான் யுவர் ஹானர். கூடத்துக்கு அந்தக் கோடியிலேர்ந்து, பேரச் சொல்லி, சத்தமா கூப்பிட்டாங்க." பெட்டியில் கொக்கேய்ன் இருப்பது தெரிந்த யாரும் மோப்ப நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஆள் அனுப்பிய செய்திகளும் கைப்பேசியில் அப்படியே இருந்தன. விடுதலை என்று தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஜமால் பாய் எட்டி நிற்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அக்கா வீட்டுக்குத் திரும்பிய பிறகு, அவர் வாசலைத் தாண்டுவதற்குப் பயந்து, நான் பின்பக்கப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் பின்பக்கத்தில் குழாய் வேலை நடந்ததால் வழியில்லை. முன்பக்கமாக வந்தேன். கதவு திறந்திருந்தது. மிஷினில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பார்வை என் முகத்துக்கு வரவில்லை. என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த துண்டுக்குப் போனது. "என்னா தம்பி, ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்க? மறுபடியும் முழுங்கிடப் போவுது" என்றார். வாங்கினார். ரப்பர் பேண்டைக் கழற்றி எறிந்தார். துண்டை இறுக்கிச் சுருட்டித் தைக்க ஆரம்பித்தார். எனக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது, எதற்கென்று தெரியாமலும் இருந்தது. தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். துண்டைத் தட்டிப் பார்த்து என்னிடம் நீட்டியபடி, ரவிக்கையின் அளவு சொல்கிற அதே குரலில் சொன்னார்: "அன்னைக்கு பிளேக்கி உக்காராம விட்டிருந்தா, அந்தாள நான் கட்டியிருப்பேன் தம்பி."

எங்களுக்கெல்லாம் ஆளாளுக்கு ஒரு கவலை மிஞ்சியிருக்க, பிளேக்கி மட்டும் இன்றைக்கும் திடமாக நம்புகிறாள், இத்தனை நாடு கடந்து, இத்தனை பேரை ஏமாற்றி, உலகம் முழுக்கக் கடத்துவது அவளுடைய துண்டைத்தான் என்று.